எழுபத்திரண்டாவது மாடியில் பல்லி மாமா

பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று ஃபிலிம்காரன் பெண்டாட்டியிடம் சொன்னது பச்சைப் பொய். ஊர் எங்கே ஓடிப் போகிறது? அது பாட்டுக்குக் கீழே கிடக்கும், வேண்டும்போது பார்த்துக்கொள்ளலாம். மச்சினன் வாய் கூசாமல் புளுகுகிறவன் என்பதைப் பிள்ளைகள் தங்கள் கண்ணாலேயே பார்க்க வேண்டும். அதற்காகத்தான் ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு எழுபத்திரண்டு மாடி ஏறப் புறப்பட்டான்.

கார் கண்ணாடிக்குக் கருப்பு ஃபிலிம் ஒட்டுவது அவன் தொழில். அதனால் ஃபிலிம்காரன். நாலு வருஷம் வெளியூரில் ஒரு பெரிய கடையில் ஒட்டிக்கொண்டிருந்தான். மூன்று மாதத்துக்கு முன்புதான் திரும்பி வந்து, வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிச் சொந்தமாகக் கடை போட்டான். அந்த நாலு வருஷமும் வீட்டுக்குத் துணையாக இருந்தவன் பெண்டாட்டியின் தம்பி. உயரமான கட்டடங்களுக்கு வெளியே தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைக்கிற வேலை அவனுக்கு. சுவரோடு ஒட்டித் திரிகிறவன் என்று கூட வேலை செய்பவர்கள் பல்லி என்று பேர் வைத்தார்கள். அவனும் கோபப்படாமல் அதையே வைத்துக்கொண்டான். பிள்ளைகளுக்கு அவன் பல்லி மாமா.

திரும்பி வந்த அன்றைக்கே ஃபிலிம்காரனுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. பையனுக்கு ஆறு வயது. அவனுக்கென்று ரிமோட்டில் ஓடுகிற கார் வாங்கி வந்திருந்தான். பையன் டப்பாவைக் கூடப் பிரிக்கவில்லை, மாமாவிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று மாடிப்படியில் ஓடினான். பையனுக்கு முதலில் விழுந்த பல் பல்லியிடம்தான் இருக்கிறதாம், தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பத்திரமாக. அப்பனுக்கு ஒரு பல்லும் கிடையாதா என்று கேட்டதற்குப் பையன் வாயைத் திறந்து ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தான். பாவம், மனசோடுதான் பார்த்தான். இன்னும் எதுவும் ஆடவில்லை என்று சொல்லிவிட்டான்.

பெண்ணுக்குப் பத்து வயது. யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் அங்கேயே திருத்துவாள், வீட்டில் அவளுக்கு டீச்சரம்மா என்று பேர். அவளுடைய பள்ளிக்கூட அட்டையில், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய இடத்தில் பல்லியின் நம்பர் இருந்தது. மாற்றச் சொன்னான். அடுத்த வருஷம்தான் புது அட்டை தருவார்கள் என்றாள். உண்மைதான், பள்ளிக்கூடத்தில் போய் விசாரித்தும் பார்த்துவிட்டான். ஆனாலும் அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் கிளம்புகிற ஒவ்வொரு காலையிலும் அவனுக்குக் காப்பி கசந்தது.

அவன் வந்ததும் பல்லி தானாகவே துணிமணியை அள்ளிக்கொண்டு தனி அறை பார்த்துப் போய்விட்டான். அதுவும் ஃபிலிம்காரனுக்குப் பிடிக்கவில்லை. சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தால் ஒரு வழியாக இருந்திருக்கும். நல்ல பிள்ளையாக ஒதுங்கிப் போகிறவனை என்ன செய்வது? திட்டவும் முடியாது, அடிக்கவும் முடியாது. வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்பான். அன்றைக்குப் பிள்ளைகள் பல் தேய்த்த கையோடு வாசலுக்குப் போய்விடும்.

பெண்டாட்டியிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தான். அவள் துணியை மடித்துக்கொண்டே நிமிராமல் பதில் சொன்னாள்.

"நாலு வருஷம் அவன் தூக்கி வளர்த்த பிள்ளைங்க. நீங்க வந்துட்டீங்கன்னு அதை அழிச்சிட்டுப் போகச் சொல்றீங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பல்லி தானாக வந்து மாட்டினான். வருகிற புதன்கிழமை தனக்குக் கோபுரத்தில் வேலை என்று ஆரம்பித்தான். ஊரிலேயே உயரமான கட்டடம் அது. அதன் எழுபத்திரண்டாவது மாடியில் சுற்றிலும் கண்ணாடி வைத்து, காசு வாங்கிக்கொண்டு ஊரைக் காட்டுகிறார்கள். அந்தக் கண்ணாடியைத்தான் பல்லி வெளியே தொங்கித் துடைக்கப்போகிறான். புதன்கிழமை பள்ளிக்கூடம் லீவு. பிள்ளைகள் விடுமா? நாங்கள் உள்ளே வந்து நின்றால் உங்களைப் பார்க்கலாமா, நீங்கள் எங்களைப் பார்ப்பீர்களா என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

"பார்க்காம? பதினோரு மணிக்கு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வந்து நில்லுங்க. உங்களைப் பார்த்துக் கை காட்டுவேன். யாரு என்ன கலர் சட்டைன்னுகூடச் சொல்லுவேன்."

ஃபிலிம்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இருபது வருஷமாக அவன் சோறு தின்பது கண்ணாடியில். அந்தக் கோபுரத்துக் கண்ணாடியைத் தெருவில் போகிறவனும் பார்த்திருக்கிறான், பளபளவென்று மேகம் முழுக்க அதில் தெரியும். பகலில் உள்ளே இருப்பவனுக்கு வெளியே தெரியும், வெளியே இருப்பவனுக்கு அது வெறும் முகம் பார்க்கிற கண்ணாடி. வெளிச்சத்தில் நிற்பவனுக்கு இருட்டில் இருப்பவன் தெரிய மாட்டான், அவ்வளவுதான் விஷயம். இந்த மாதிரிக் கண்ணாடியைத் தினமும் துடைக்கிற பல்லிக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தே அளக்கிறான்.

"மாப்ளே, நிஜமாவே உள்ள இருக்கிற ஆளு தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

பல்லி அவனை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் மடியில் சாய்ந்திருந்த பையனைப் பார்த்தான்.

"தெரியும் அத்தான்."

சரி, மாட்டினாய் மகனே என்று நினைத்துக்கொண்டான் ஃபிலிம்காரன். புதன்கிழமை நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவன் சொன்னபோது பிள்ளைகள் முதல் தடவையாக அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டன. அந்தக் கட்டிப்பிடிப்பும் பல்லியைப் பார்க்கப் போகிற சந்தோஷத்தில் வந்ததுதான் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை.

புதன்கிழமை போனார்கள். டிக்கெட் வாங்குகிற இடத்தில் ஒரு வரிசை, பையைச் சோதிக்கிற இடத்தில் ஒரு வரிசை. அதைத் தாண்டினால் கேமராவோடு ஒருவன் பல்லைக் காட்டிக்கொண்டு குடும்பத்தோடு நில்லுங்கள் என்றான். பின்னால் வெறும் பச்சைத் துணி. இதில் என்ன படம் வரும் என்று கேட்டால், கோபுரத்தை அப்புறம் நாங்கள் ஒட்டிக்கொடுப்போம் என்கிறான். கோபுரத்துக்குள்ளேயே நிற்க வைத்து, கோபுரத்தைப் பொய்யாக ஒட்டி, அதற்கும் காசு. இப்படிச் சிரித்துச் சிரித்துக் கூப்பிடுகிறவனிடம் பர்ஸைக் காட்டவே கூடாது. ஃபிலிம்காரன் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடந்தான்.

லிஃப்ட் கிளம்பியதும் காது அடைத்தது. பையன் பயந்துவிடுவான், கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஃபிலிம்காரன் கையை நீட்டினான். பையன் கண்ணை மூடி எச்சிலை விழுங்கிவிட்டு, மாமா இப்படித்தான் செய்யச் சொன்னார், காது திறந்துவிட்டது என்றான். நீட்டிய கையைத் திரும்பச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

மேலே போனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஊர் முழுக்கப் பரத்திப் போட்டாற்போல் கிடந்தது. மொட்டை மாடிகளில் காய்கிற துணி, தண்ணீர்த் தொட்டிகள், தண்டவாளத்தில் எறும்பு மாதிரி ஊர்கிற ரயில். வானம் மூட்டமாக இருந்தது. ஃபிலிம்காரன் கண்ணாடியோரம் போய்க் கீழே எட்டிப் பார்த்தான். அதோ நம்ம கடை என்று ஒரு இடத்தைக் காட்டினான். அது பஸ் டிப்போ என்று டீச்சரம்மா திருத்தினாள். பையன் அதையும் பார்க்கவில்லை. மணி பதினொன்று ஆகிவிட்டதா என்று நாலாவது தடவையாகக் கேட்டான்.

பதினோரு மணிக்கு ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் போய் நின்றார்கள். அந்தப் பக்கத்தில் பெரிய பெரிய கண்ணாடிகள், ஆள் உயரத்துக்கு இரண்டு பங்கு. அவர்கள் நின்றது கடைசிக் கண்ணாடி. சொன்ன நேரத்துக்கு மேலேயிருந்து இரும்புக் கூண்டு ஒன்று இறங்கியது. ஐந்து கண்ணாடி அகலத்துக்கு நீண்ட கூண்டு. முதலில் பூட்ஸ் தெரிந்தது, அப்புறம் வாளி, அப்புறம் இடுப்பில் பட்டையும் தலையில் தொப்பியுமாகப் பல்லி. கூண்டின் ஒரு மூலையில் இன்னொருத்தன் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மாமா என்று பையன் போட்ட சத்தத்தில் சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பல்லிக்குக் கேட்கவில்லை. அவன் முதல் கண்ணாடிக்குப் போனான். நுரையைப் பூசினான், ரப்பர் கட்டையால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தான். இழுத்து முடித்துக் கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக் கை காட்டினான். அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு குப்பைத்தொட்டியைத் தவிர யாரும் இல்லை.

இரண்டாவது கண்ணாடி. அங்கே ஒரு தடித்த ஆள் பாக்கெட்டிலிருந்து எதையோ எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். பல்லி அவருக்கும் அதே சிரிப்பைச் சிரித்துக் கை காட்டினான். அவர் பின்னால் திரும்பி யாருக்கு என்று பார்த்துவிட்டு, சரி நமக்குத்தான் போலிருக்கிறது என்று பதிலுக்குக் கை காட்டினார்.

"மாமா ஏன் அந்தக் குண்டு அங்கிளுக்குக் கை காட்டுறார்? நாம இங்கதானே இருக்கோம்?" என்றான் பையன்.

எரிகிற வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது ஃபிலிம்காரனுக்கு. என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தான். மாமாவுக்கு நம்மைத் தெரியாதுடா, சும்மா பந்தாவுக்குச் சொன்னார் என்று இரக்கப்படுகிற மாதிரிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லிவிட்டுக் கீழே போய் ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வாங்கித் தர வேண்டும். அவசரப்படக் கூடாது. இன்னும் கொஞ்சம் ஊறட்டும்.

மூன்றாவது கண்ணாடியில் ஒரு புது ஜோடி முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்தது. பல்லி அந்த முதுகுகளுக்கும் கை காட்டினான். ஃபிலிம்காரன் அப்போதுதான் ஒன்றைக் கவனித்தான். காட்டி முடித்ததும் பல்லியின் சிரிப்பு அணைந்துவிடும். முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் நின்று, அடுத்த கண்ணாடிக்கு நகர்வான். அங்கே மறுபடி முதலிலிருந்து அதே முழுச் சிரிப்பு. பிள்ளைகள் எந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று தெரியாததால் ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் காட்டிக்கொண்டு வருகிறான். அது புரிந்ததும் வார்த்த பால் அப்படியே திரிந்துபோனது. யாருமே தெரியாத கண்ணாடியைப் பார்த்து இவ்வளவு சிரிக்க ஒருத்தனால் முடியுமா? தன்னால் முடியுமா என்று யோசித்தான். யோசிக்காமலே இருந்திருக்கலாம்.

கடைசியில் அவர்கள் நின்ற கண்ணாடிக்கு வந்தான். நுரை வழிந்து இறங்கியது, அதற்குப் பின்னால் பல்லியின் முகம் ஒரு முழத்தில். சிரித்தான். கை காட்டினான். பையன் குதித்தான், இரண்டு கையையும் ஆட்டினான்.

டீச்சரம்மா குதிக்கவில்லை. இடது பக்கம் இரண்டு அடி நகர்ந்து பார்த்தாள். மாமாவின் கண் அவளோடு வரவில்லை. வலது பக்கம் நகர்ந்தாள், வரவில்லை. அவன் பார்வை அவள் தலைக்கு ஒரு சாண் மேலே எங்கேயோ நின்றது. அவள் திரும்பி அப்பாவிடம் வந்து, தம்பிக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"இது உங்க ஃபிலிம் மாதிரியாப்பா?"

"ஆமா."

"முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?"

மாமா பொய் சொன்னாரா என்று கேட்பாள் என்றுதான் நினைத்திருந்தான். தலையை ஆட்டினான். ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு ஆட்டல். அவள் எதை வைத்துக்கொண்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

அதற்குள் பையன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். மாமா என்னைப் பார்த்தாரா அக்கா, அந்தக் குண்டு அங்கிளைப் பார்த்த மாதிரிதான் பார்த்தாரா என்று கேட்டான்.

"உன்னைப் பார்த்தார்டா. உன்னைத் தேடிக்கிட்டுத்தான் அங்கேயிருந்து வந்தார்."

எல்லாரையும் திருத்துகிறவள் சொன்னாள் அதை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. நாலு வருஷமாக ஃபிலிம்காரன் ராத்திரி ராத்திரி போன் போட்டானே, அப்போது இதே பெண் ஒரு நாளாவது ஒரு பொய் சொன்னாளா? தம்பி எங்கே என்றால், பேச மாட்டேன்னு சொல்றான்ப்பா, விளையாடப் போயிட்டான்ப்பா என்று உள்ளதை உள்ளபடி ஒப்பித்தாள். உங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தான், இப்போதுதான் தூங்கினான் என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பாள்? அந்தப் பொய்யை நம்பிக்கொண்டு அவன் ஒரு மாதம் நிம்மதியாக வேலை பார்த்திருப்பானே. அதெல்லாம் பல்லிக்குத்தான் கிடைக்கும். தொங்குகிறவனுக்கு.

வெளியே பல்லி கூட்டாளிக்குச் சைகை காட்டினான். கூண்டு இறங்கப் போகிறது. எதையும் பார்க்காமலே எல்லாவற்றையும் ஜெயித்துக்கொண்டு போகிறான் என்று பட்டது ஃபிலிம்காரனுக்கு. விடக் கூடாது. பார்க்கட்டும். இவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தது யார், இவர்கள் யார் கையில் இருக்கிறார்கள் என்று நன்றாகப் பார்த்துவிட்டுப் போகட்டும். பையனைத் தூக்கி இடுப்பில் வைத்தான், பெண்ணை இழுத்துத் தோளோடு சாய்த்துக்கொண்டான். இழுத்த கையாலேயே சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்தான். ஃபிலிமுக்கு அடியில் தூசி இருக்கிறதா என்று பார்க்கிற டார்ச், விரல் நீளந்தான், அடித்தால் கண் கூசும். தொழில்காரன் பேனா வைத்துக்கொள்ள மறந்தாலும் அதை மறக்க மாட்டான். அதைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துப் பல்லியின் முகத்துக்கு நேராக மூன்று தடவை அணைத்து அணைத்து அடித்தான்.

பல்லி திடுக்கிட்டான். கூட்டாளியின் கையைப் பிடித்து நிறுத்தச் சொன்னான். கூண்டிலிருந்து எட்டிச் சாய்ந்து, தொப்பியைத் தள்ளிவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் கண்ணுக்குப் பக்கத்தில் மறைப்பாக வைத்துக் கண்ணாடியோடு மூக்கை ஒட்டினான். ஃபிலிம்காரன் டார்ச்சைத் திருப்பிப் பிள்ளைகளின் முகத்தில் அடித்தான்.

இப்போது பல்லி சிரிக்கவில்லை. அத்தனை கண்ணாடிக்கும் சிரித்தவன், பிள்ளைகள் நிஜமாகத் தெரிந்ததும் சிரிக்க மறந்துபோனான். வாய் பாதி திறந்திருந்தது. அப்புறம் ஒரு விரலால் பையனின் சிவப்புச் சட்டையைக் காட்டி, தன் சிவப்பு வாளியைத் தூக்கிக் காட்டினான். பையன் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கிவிட்டான். பெண்ணும் தோளிலிருந்து கழன்றுவிட்டாள். இரண்டு பேரும் கண்ணாடியில் கையை ஒட்டிக்கொண்டார்கள். பல்லி வெளியேயிருந்து அந்தக் கைகளுக்கு நேராகத் தன் நுரைக் கையை வைத்தான். பையன் காரைப் பற்றியோ பல்லைப் பற்றியோ கத்திக் கத்திச் சொன்னான், ஒன்றும் கேட்காவிட்டாலும் பல்லி தலையை ஆட்டினான்.

ஃபிலிம்காரன் அவர்களுக்குப் பின்னால் வெறும் இடுப்போடு நின்றான். வெளிச்சம் முழுக்கப் பிள்ளைகள் மேல் இருந்தது. தன்னை அவன் பார்க்கவே இல்லை என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. டார்ச்சை மெல்லத் தன் முகத்துக்குத் திருப்பினான். உடனே பல்லியின் கண் தடுமாறியது, பிள்ளைகளைத் தொலைத்துவிட்டுத் துழாவியது.

"அப்பா, எங்க மேல அடிங்க," என்றாள் டீச்சரம்மா, திரும்பிப் பார்க்காமல்.

அடித்தான். கூட்டாளி நல்ல மனுஷன் போலிருக்கிறது, அவசரப்படுத்தவில்லை. ஃபிலிம்காரனின் தோள்பட்டை இறுகியது. கையை மாற்றினால் வெளிச்சம் ஆடும், ஆடினால் இவள் சத்தம் போடுவாள். இறக்கிவிட்டால் என்ன என்று ஒவ்வொரு நிமிஷமும் தோன்றியது. பாட்டரி தீர்ந்துவிட்டது என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனாலும் கை இறங்கவில்லை. பொய்யாக இறக்கினால் அது டீச்சரம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும்.

ஒரு வழியாகக் கூண்டு இறங்கியது. முதலில் பூட்ஸ் மறைந்தது, அப்புறம் வாளி, கடைசியாக ஆட்டிக்கொண்டே போன கை. பையன் தரையோடு கன்னத்தை வைத்துக் கீழே பார்க்க முயன்றான்.

லிஃப்டுக்கு நிற்கும்போது டீச்சரம்மா பக்கத்தில் வந்தாள்.

"ஞாயித்துக்கிழமை மாமா வந்தா, நீங்கதான் லைட் அடிச்சீங்கன்னு சொல்லணும்ப்பா. அவருக்கு உங்களைத் தெரிஞ்சிருக்காது."

பரவாயில்லை, அதெல்லாம் எதுக்கு என்றுதான் ஒரு பெரிய மனுஷன் சொல்வான்.

"சொல்லு," என்றான் ஃபிலிம்காரன். "அவன் உள்ள வந்ததும் சொல்லிடு. தம்பி வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி."

அவள் சரி என்றாள். அவனுக்குச் சந்தேகம் தீரவில்லை. எல்லாவற்றையுமா சொல்லப் போகிறாய் என்று கேட்டான்.

"லைட் அடிச்சதைச் சொல்லுவேன்," என்றாள். "முன்னாடியே தெரிஞ்சதைச் சொல்ல மாட்டேன்."

லிஃப்ட் வந்தது. ஏறினார்கள். பல்லிக்காக ஒரு பொய் சொன்னாள், அப்பனுக்காக ஒன்றை மறைக்கப் போகிறாள், சரிக்குச் சரி என்று ஃபிலிம்காரன் மனசைத் தேற்றிக்கொண்டு நின்றான். ஐம்பதாவது மாடி வரைக்கும் தேறியது. அதற்குக் கீழே இறங்கும்போது, முதல் பொய் கிடைத்தது பல்லிக்குத்தானே என்று வயிறு மறுபடி எரிய ஆரம்பித்துவிட்டது.